தப்பு அடிப்பது தலைவரை வரவேற்க அல்ல, சூரியனை வரவேற்க!



மார்கழி பிறந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் தைப்பொங்கல் விழா என்று டவுன் மைதானங்களில் மேடை எழும்பும். மேடைக்கு மேலே தலைவர்களின் படம் போட்ட பதாகை தொங்கும். ஒலிபெருக்கிக்காரருக்கும், வெளியிலிருந்து வரும் பாடகருக்கும் முற்பணம் போய்விடும். நமது தப்புச் செட்டுக்கு மட்டும் ஒரு வாய்ச்செய்தி வரும்: "காலை எட்டு மணிக்குச் சந்தியில் வந்து நில்லுங்கள். பெரியவர் வருகிறார்."

எட்டு மணிக்கு வரச் சொன்ன பெரியவர் பதினொரு மணிக்குத்தான் வருவார். அதுவரைக்கும் பனியில் தோல் தொய்யத் தொய்ய, நெருப்பில் காட்டிக் காட்டி நிற்க வேண்டும். வாகனம் வந்ததும் பத்து நிமிடம் அடி. அந்தப் பத்து நிமிடத்தைக் கைப்பேசியில் பிடித்து, 'மலையக மக்களின் பாரம்பரிய வரவேற்பு' என்று முகநூலில் போடுவார்கள். அதற்குப் பிறகு பெரியவர் மேடைக்கு முன்னால் போவார், தப்புக்காரர் மேடைக்குப் பின்னால் போவார். பொழுது சாயும்போது ஒரு சோற்றுப் பார்சல். சில இடங்களில் ஒரு போத்தல். வேலை நாளாக இருந்தால் அன்றைக்குப் பேரும் இல்லை.

இதுதான் பாரம்பரியமா? இல்லவே இல்லை. மார்கழியும் தையும் சந்திக்கும் இந்தக் காலத்துப் பாட்டும் அடியும் எந்தப் பெரியவரையும் வரவேற்கப் பிறந்தவை அல்ல. விடியலுக்கு முன் எழும்பி வேலைக்குப் போகிற மக்கள், திரும்பி வரும் சூரியனுக்காகவும் தங்களுக்காகவும் உண்டாக்கிக்கொண்டவை அவை. அவற்றை அதிகாரத்தின் காலடியில் விரிக்கும் பாயாக மாற்றிவிட்டார்கள். இதை எதிர்க்க வேண்டிய இடம் தொழிலாளியின் பத்திரிகைதான்.

முதலில் சூரியனின் கணக்கைப் பார்ப்போம். டிசெம்பர் 21 அல்லது 22ஆம் திகதி சூரியன் தெற்கே போகக்கூடிய கடைசி எல்லையைத் தொட்டு, வடக்கே திரும்புகிறது. ஆண்டிலேயே பகல் குறுகிய நாள் அது. இந்தத் திரும்பலைத்தான் நமது முன்னோர் உத்தராயணம் என்றார்கள். தைப்பொங்கல் அதன் விழா. அப்படியானால் பொங்கல் ஏன் ஜனவரி நடுவில் வருகிறது? நமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணக்குப் பார்க்கிறது. பூமியின் அச்சு மிக மெதுவாகச் சாய்ந்து சுழல்வதால், நட்சத்திரக் கணக்கும் சூரியன் திரும்பும் நாளும் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே போகின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டும் ஒன்றாக விழுந்தன. இன்று இடையில் மூன்று கிழமைக்கு மேல் இருக்கிறது. நாள் விலகியது, விழா விலகவில்லை. மார்கழியில் இருட்டோடு எழும்பிப் பாடுவதும், தை முதல் நாளில் பானை பொங்கும்போது குலவை இடுவதும் ஒரே விழாவின் இரண்டு பாதிகள். ஒரு பாதியில் காத்திருக்கிறோம், மறுபாதியில் கண்டுகொள்கிறோம்.

"நெல் விதைக்காத, நெல் அறுக்காத தேயிலைத் தோட்டத்துக்கு ஏன் பொங்கல்?" என்று கேட்கிற படித்தவர்கள் உண்டு. அவர்கள் தை மாதத்து விடியலில் நுவரெலியாப் பக்கத்து மலையொன்றில் ஒரு மணித்தியாலம் நின்று பார்க்கட்டும். பனி விழுந்தால் தளிர் கருகும். வெயில் ஏறும்வரை விரல் மடங்காது. நமது நாட்டில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, உண்மைதான். கொழும்பில் இருப்பவருக்கு மார்கழி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனால், ஈரப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் நிரையில் நிற்கிறவளுக்குச் சூரியன் என்பது சாமி படத்தில் இருக்கும் வட்டம் அல்ல. அவளுடைய விரலை மடக்கி வேலை செய்ய வைப்பது அது. பொங்கலுக்கு உரிமை கேட்க அவளைவிடத் தகுதியானவர் யார்?

இந்த விழாவை யாரும் நமக்குத் தரவில்லை. காப்பிக் காலத்தில் கடல் தாண்டி வந்தவர்களில் பலர் பருவத்துக்கு வந்து, பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தொடங்கிய இலை நோய் காப்பியைத் தின்று தீர்த்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக லயத்தில் தங்க வேண்டியதாயிற்று. ஊருக்குப் போக முடியாத மக்கள் ஊரையே இங்கே கொண்டுவந்தார்கள். மரத்தடியில் சாமி வைத்தார்கள். மாசியில் காமன் கூத்து ஆடினார்கள். மார்கழியில் பஜனை பாடினார்கள். எட்டடிக் காம்பராவுக்குள் ஒரு முழு ஆண்டின் பாட்டையும் வைத்துக் காப்பாற்றினார்கள். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள், 1949இல் வாக்குரிமையைப் பறித்தார்கள். பாட்டைப் பறிக்கச் சட்டம் எழுத எந்தப் பாராளுமன்றத்தாலும் முடியவில்லை.

தப்பின் கதையையும் மறக்கக் கூடாது. தோட்டத்தில் விடியலுக்கு முன் தப்பு அடித்தது எதற்காக? பெரட்டுக்காக. நித்திரையில் கிடந்த மக்களை எழுப்பி, துரை முன்னால் வரிசையில் நிறுத்தி, தலை எண்ணுவதற்காக. நம்முடைய தோலிசையை நம்மையே விரட்டுகிற மணியாக ஆக்கியது தோட்ட நிர்வாகம். ஆனால் அதே லயத்தில், அதே இருட்டில், மார்கழி மாதத்தில் வேறொரு சத்தமும் எழுந்தது. கைத்தாளமும் டோலக்கும், இருந்த இடத்தில் ஆர்மோனியமும் எடுத்துக்கொண்டு, விளக்கோடு லயம் லயமாகப் பஜனை வந்தது. அதுவும் எழுப்பியது. அது எண்ணிக்கைக்காக எழுப்பவில்லை, மனிதராக எழுப்பியது. ஒரே விடியலில் இரண்டு சத்தம்: ஒன்று துரையின் சத்தம், ஒன்று நம்முடைய சத்தம். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டவர் தப்பைச் சந்தியில் கொண்டுபோய் நிறுத்த மாட்டார்.

பஜனையில் பாடுகிற ஆண்டாளின் திருப்பாவையும் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் யாருடைய குரலில் இருக்கின்றன? பெண்களின் குரலில். விடியலில் எழும்பிய பெண்கள், இன்னும் நித்திரையில் இருக்கிற தோழியரைக் கூப்பிட்டு எழுப்புகிறார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை, எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போகிறார்கள். சங்கம் என்பதும் இதுதானே! அப்படியிருக்க, பல தோட்டங்களில் பஜனைக் குழு ஆண் பிள்ளைகளின் குழுவாகவே நடக்கிறது. ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டி, மலைக்கு ஓடுகிறவள் வாசலில் நின்று தட்டு நீட்டுவதோடு சரி. பெண்ணின் பாட்டைப் பெண்ணுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

துரைமார் பிரித்தானியாவிலிருந்து வந்தவர்கள். அந்த நாட்டு ஏழைகள் இதே காலத்தில் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்துக் கிராமங்களில் பகல் குறுகும் காலத்தில், நத்தாருக்கும் அதன் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில், விவசாயக் கூலிகள் கூட்டமாகச் சேர்ந்து வசதி படைத்தவர்களின் வாசலுக்குப் போய்ப் பாடினார்கள். அந்தப் பாட்டுக்கு 'வொசெய்ல்' என்று பெயர். வாழ்க, நலமாக இருங்கள் என்பது பொருள். வாழ்த்திவிட்டுச் சும்மா திரும்பவில்லை. குடிக்கவும் தின்னவும் கேட்டார்கள், காசு கேட்டார்கள். குளிர்காலத்தில் கூலிக்காரன் வீட்டு அடுப்பு அணைந்து கிடக்க, களஞ்சியம் நிறைந்தவன் பங்கு கொடுத்தே ஆக வேண்டும் என்பது அந்தப் பாட்டுக்குள் இருந்த வழக்கு. சமர்செட் பகுதியில் ஆப்பிள் தோட்டத்து மரங்களுக்கும் பாடுவார்கள். 1752இல் அரசாங்கம் நாட்காட்டியை மாற்றி 11 நாட்களை வெட்டியது. சில கிராமத்தார் அதை ஏற்காமல், பழைய கணக்கின்படி ஜனவரி 17ஆம் திகதியே இன்றும் பாடுகிறார்கள். நமது பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் தள்ளி!

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. அந்த உழைப்பாளியின் பாட்டுக்கு விலை இருந்தது. வாசலைத் திறந்தவன் கையையும் திறக்க வேண்டும். நம்மிடமோ, பண்டிகை நாளில் தப்படித்து மாலை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போன வழக்கத்தை மூத்தவர்கள் அறிவார்கள். கொடுத்தது நாம், வாங்கியது துரை. துரை போய்விட்டார். பங்களா வாசல் டவுன் சந்தியாக மாறியிருக்கிறது. மாலை வாங்கும் கழுத்து மட்டும் மாறியிருக்கிறது.

"கலைஞர்கள் விரும்பித்தானே வருகிறார்கள்? யாரும் கட்டாயப்படுத்தவில்லையே?" என்று பதில் வரும். விரும்பியா? கூரைத் தகரத்துக்கும், வீட்டுப் பட்டியலில் பேர் விழுவதற்கும், பிள்ளையின் வேலைக்கும் அதே தலைவரின் வாசலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அவர் கூப்பிட்டு வராமல் இருக்க எத்தனை பேரால் முடியும்? இல்லை என்று சொல்ல முடியாதவன் ஆம் என்று சொல்வதை விருப்பம் என்று எழுதாதீர்கள்.

இன்னொரு கூட்டம் நம்முடைய தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. "தப்பு சாவுக்கு அடிப்பது, மங்கலத்துக்கு ஆகாது. கோயிலுக்கு வெளியே நின்று அடிக்கட்டும்" என்கிற கூட்டம். இவர்களிடம் ஒரு கேள்வி. மிருதங்கத்தின் தோல் எங்கிருந்து வருகிறது? மாட்டிலிருந்தும் ஆட்டிலிருந்தும்தானே? தவிலிலும் தோல்தானே முழங்குகிறது? அவை கருவறை வரைக்கும் போகலாம், தப்பு மட்டும் வாசலில் நிற்க வேண்டுமா? தீட்டு தோலில் இல்லை, அடிக்கிறவனின் சாதியில் பார்க்கிறீர்கள். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, மங்கலம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள். லயத்துக்கு ஒரே கூரை, ஒரே நாட்சம்பளம், ஒரே சந்தா. கோயில் வாசலில் மட்டும் இரண்டு வரிசை வைத்துக்கொண்டு, கம்பனிக்கு முன்னால் ஒரே வரிசையில் எப்படி நிற்பீர்கள்? சாதியால் பிரிந்த தோட்டத்தில் வேலைநிறுத்தம் மூன்றாம் நாளே உடையும். இது நிர்வாகத்துக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சாவுக்கு அடிப்பதும் இழிவு அல்ல. செத்தவரை அநாதையாக அனுப்பாமல், ஊர் கூடி மரியாதையோடு அனுப்பி வைக்கிற சத்தம் அது. பிறப்புக்கும், கல்யாணத்துக்கும், சாமி ஊர்வலத்துக்கும், காமன் கூத்துக்கும், சாவுக்கும் தனித்தனி அடி வைத்திருக்கிற ஒரு கலையை, ஒரே ஒரு அடியைக் காட்டி ஒதுக்குவது அறியாமை.

தொலைக்காட்சியைத் திறந்தால் மார்கழி இசை என்பது சென்னைச் சபாக்களின் கச்சேரி. நல்ல இசைதான், கேட்கலாம். ஆனால் மார்கழிக்கு அது ஒன்றுதான் இசை என்று நம்முடைய பிள்ளைகள் நம்பிவிட்டால், தன் பாட்டி பாடுவது இசை இல்லை என்றும் நம்பிவிடுவார்கள். "இளைஞர்களுக்கு டீஜேதான் பிடிக்கிறது" என்கிறார்கள். பிடிக்கட்டும். இளைஞன் ஆடுவதை நாங்கள் தடுக்கவில்லை. எங்கள் கேள்வி காசைப் பற்றியது. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முற்பணம், ஒப்பந்தம், வண்டிச் செலவு. தப்புச் செட்டுக்குச் சோற்றுப் பார்சல். பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறார்கள். எதற்கு மதிப்பு இருக்கிறது, எதற்கு இல்லை என்று மேடை அவர்களுக்குப் பாடம் நடத்துகிறது. பிறகு, "பிள்ளைகள் கலையை மறந்துவிட்டார்கள்" என்று அதே மேடையில் நின்று கண்ணீர் விடுகிறீர்கள்!

பாட்டுக்கும் தொழிற்சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் நமது சொந்த வரலாற்றைப் படிக்கட்டும். 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போன மீனாட்சி அம்மையார், தொழிலாளரின் துன்பத்தைப் பாட்டாக எழுதிக் கூட்டங்களில் பாடினார். துண்டுப் பிரசுரத்தை வாசிக்கத் தெரியாத மக்களுக்குப் பாட்டுத்தான் துண்டுப் பிரசுரம். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போன சி. வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கவாதி. அவரே தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். பாட்டைக் காப்பது சங்க வேலைக்கு வெளியே இருக்கும் பொழுதுபோக்கு என்று அவர்கள் நினைக்கவில்லை.

மார்கழியின் கடைசி நாட்களுக்கு நமக்கென்று இன்னொரு பொருளும் உண்டு. 1940 ஜனவரி 10ஆம் திகதி, முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். தைப்பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. அவர் அந்தத் தைச் சூரியனைக் காணவில்லை. அவர் பேரைச் சொல்லி ஒரு தப்பும் முழங்காமல், மாலைக் கழுத்துகளுக்கு மட்டும் தப்பு முழங்குகிற பொங்கல் நமக்கு எதற்கு?

ஆகவே தோழர்களே, தோட்டக் கமிட்டிகளின் முன்னால் இந்தக் கோரிக்கைகளை வையுங்கள். எந்தச் சங்கத்து விழாவானாலும் சரி, எந்தக் கட்சியின் மேடையானாலும் சரி, இவை பொருந்தும்.

1. தப்புச் செட்டின் கூலியை முன்கூட்டியே பேச வேண்டும். பணமாகக் கொடுக்க வேண்டும். வேலை நாளில் அழைத்தால், ஒவ்வொருவருக்கும் அன்றைய நாட்சம்பளத்துக்குக் குறையக் கூடாது. போத்தல் கூலி ஆகாது.

2. சந்தியில் நின்று வாகனத்துக்கு அடிக்கும் வழக்கம் நிற்க வேண்டும். தப்பு மேடையில் ஏற வேண்டும். பாடகரின் பேரை அறிவிப்பது போல, அடிக்கிறவர்களின் பேரையும் தோட்டத்தையும் அறிவிக்க வேண்டும்.

3. கோயில் கமிட்டிகள் தப்பை வாசலுக்கு வெளியே நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த விழாவுக்குச் சங்கத்தின் பேரால் நன்கொடை இல்லை.

4. மார்கழிப் பஜனையிலும் பொங்கல் மேடையிலும் பெண்கள் பாட வேண்டும். கும்மியும் கோலாட்டமும் பாடசாலைப் போட்டிக்கு மட்டும் உரியவை அல்ல. மாதர் சங்கங்கள் இதைப் பொறுப்பெடுக்கட்டும்.

5. ஒவ்வொரு லயத்திலும் பாட்டுத் தெரிந்த மூத்தவர்கள் இருக்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகள் இந்த விடுமுறையில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போகட்டும். பாட்டைப் பதிவு செய்து, பாடியவர் அனுமதித்தால் அவர் பேர், தோட்டம், டிவிசன், யாரிடம் கற்றார், எப்போது பாடுவது என்று கொப்பியில் எழுதி வைக்கட்டும். ஒரு கிழவி மறையும்போது ஒரு பெட்டி நிறையப் பாட்டு மண்ணுக்குள் போகிறது.

6. ஜனவரி 10ஆம் திகதி மாலையில், முடிந்த தோட்டங்களில் எல்லாம், கோவிந்தனுக்காக ஐந்து நிமிடம் தப்பு முழங்கட்டும்.

இவற்றுக்கு ஒரு கம்பனியின் கையெழுத்தும் தேவையில்லை, ஓர் அமைச்சரின் அனுமதியும் தேவையில்லை. கூட்டு ஒப்பந்தமும் தேவையில்லை. நாம் மனம் வைத்தால் வருகிற பொங்கலிலேயே நடக்கும். சம்பளத்துக்காகக் கம்பனியிடம் மல்லுக்கட்டுகிற நாம், நம்மில் ஒருவனின் உழைப்பை நாமே சும்மா வாங்குவது எந்த நியாயத்தில் சேரும்? தப்பு அடிப்பதும் உழைப்புத்தான். தோலைக் காய்ச்சும் கையும், கொழுந்து கிள்ளும் கையும், கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் கையும் ஒரே கை.

தைப் பிறப்பன்று லயத்து முற்றத்தில் மிலாறு மூட்டித் தோலைக் காய்ச்சுங்கள். கிழக்கே பார்த்து நின்று அடியுங்கள். சூரியன் ஒருநாளும் பிந்தி வருவதில்லை. மாலையும் கேட்பதில்லை.

உழைக்கும் கைகள் ஓங்குக! தப்பு முழங்குக!